எட்டைப் பூஜ்யமாக்கியவன்

1996 மார்ச் மாதம் தர்மபுரியில், புளியில் கொட்டை எடுக்கும் பெண்கள் சிலருக்கு ஒரு வாரக் கூலி குறைந்து வந்தது. குறைத்தவன் நான். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் படம் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைதான் காரணம். பழி, என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த ஓர் அக்காவின் மேல் விழுந்தது. விழும்போது பக்கத்தில்தான் நின்றேன். அவரைக் காப்பாற்றக்கூடிய ஆதாரம் எனக்கு மட்டுமே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். ஆகவே மெஷினைப் பற்றியும் விவரமாகச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டால், 'பாவம், சின்ன வயசு, தெரியாமல் செய்திருப்பான்' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு நிறையவே தெரிந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறை. அதுதான் கம்ப்யூட்டர் சென்டர். பகலில் டாஸ், லோட்டஸ், ஃபாக்ஸ்ப்ரோ வகுப்பு நடக்கும். இடையிடையே வெளி வேலைகளும் வரும். கடிதம் அடிப்பது, கடைக் கணக்கு ஏற்றுவது, பட்டியல் எடுத்துக் கொடுப்பது. அக்கா டேட்டா என்ட்ரி பார்த்தார். நான் டெக்னீஷியன். அந்தப் பெயரை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். பாலிடெக்னிக்கை அரைகுறையாக முடித்தவன். திருகாணியைக் கழற்றவும் கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் தெரியும். அந்த நாளில் எங்கள் ஊரில் அது போதும். இரவில் அங்கேயே படுத்துக்கொள்வேன். காவலுக்கு ஆள் வேண்டும் என்று ஓனர் அண்ணா சாவியைக் கொடுத்திருந்தார். இன்னொரு சாவி அக்காவிடம் இருந்தது. காலையில் கதவைத் திறப்பவர் அவர்தான்.

காவல் காக்க விட்டவன் விடிய விடிய டூம் விளையாடினேன்.

டூம், அமெரிக்காவில் ஐடி சாஃப்ட்வேர் 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட விளையாட்டு. முதல் பாகத்தை யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று அவர்களே விட்டிருந்தார்கள். அது ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகப் பெருகி, பெங்களூரு எஸ்.பி. ரோடு வழியாக எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. அப்போது ஓசூரும் எங்கள் மாவட்டம்தான். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை விட எஸ்.பி. ரோடுதான் எங்களுக்குப் பக்கம். சென்டரின் பெரிய மெஷினுக்கான போர்டையும் கார்டுகளையும் அங்கே போய் வாங்கி வந்து நானே பூட்டியிருந்தேன். 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ். அன்றைய தர்மபுரியில் அது பெருமைப்படக்கூடிய பொருள். அந்தப் பெருமை முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். காசு போட்டவர் ஓனர் அண்ணா.

டாஸ் விளையாட்டுகளில் படம் வரைவது அந்தக் காலத்தில் முழுக்க முழுக்க பிராசஸரின் வேலை. திரையில் 320க்கு 200 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட். மொத்தம் 64,000 பைட். டூம் நொடிக்கு அதிகபட்சம் 35 படம் காட்டும். அப்படியானால் நொடிக்கு 22 லட்சத்து 40 ஆயிரம் பைட் டிஸ்ப்ளே கார்டின் நினைவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதில் கார்டு 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும்வரை பிராசஸர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். டூம் சுவர்களை மேலிருந்து கீழாக, பைட் பைட்டாக வரையும். அதனால் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு காத்திருப்பு. இந்தக் காத்திருப்பைக் குறைக்க 1992இல் வந்ததுதான் வீசா லோக்கல் பஸ். சுருக்கமாக விஎல்பி. கார்டை பிராசஸரின் சொந்தக் கம்பிகளிலேயே நேராகக் கொண்டுபோய் உட்காரவைக்கும் ஏற்பாடு. போர்டு 33 மெகாஹெர்ட்ஸில் துடித்தால் கார்டும் 33இல் துடிக்கும். எங்கள் மெஷினில் இரண்டு விஎல்பி கார்டுகள். ஒன்று படத்துக்கு. இன்னொன்று ஹார்ட் டிஸ்க்குக்கு.

இரண்டும் ஒரே கம்பியில் இருந்தன. இது எனக்குத் தெரியும். பூட்டியவனே நான்தானே.

டூமில் வேகத்தை அளக்க ஒரு வழி உண்டு. 'டைம்டெமோ' என்று சேர்த்து அடித்துத் தொடங்கினால், பதிவுசெய்து வைத்த ஓர் ஆட்டத்தை மெஷின் தன்னால் முடிந்த வேகத்தில் ஓட்டிக் காட்டும். மூன்றாவது டெமோவில் 2134 துடிப்புகள். முடிவில் திரையில் ஓர் எண் வரும். 2134ஐ 35ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால், நொடிக்கு எத்தனை படம் என்று தெரிந்துவிடும். இன்னொரு சென்டரில் வேலை செய்த ஒரு பையன் தன் மெஷினின் எண்ணை டீக்கடையில் சொன்னான். என் எண்ணை விட நல்ல எண். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிஜமாக விளையாடும்போது டூம் 35 படத்தைத் தாண்டாது. அதன் உள்ளே போட்டிருக்கும் கணக்கு அப்படி. எங்கள் மெஷின் ஏற்கெனவே அந்த 35க்குப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடும் இடங்களில் கொஞ்சம் திணறும். அதற்கு எஃப்5 விசையை ஒருமுறை தட்டினால் போதும். டூம் இரண்டு புள்ளிகளை ஒரே எழுத்தில் எழுத ஆரம்பிக்கும். எழுத்து வேலை பாதியாகும். படம் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும், அவ்வளவே. கழித்தல் குறியைத் தட்டினால் படத்தின் சட்டம் சிறுத்து வேகம் கூடும். கான்ஃபிக் கோப்பில் இஎம்எம்386ஐ ஏற்றாமல் விட்டால் கொஞ்சம் மிச்சமாகும். பயாஸில் வெளி கேஷை முடுக்கிவிடலாம். (வீடியோ பயாஸை ராமுக்கு மாற்றினால் டூம் பறக்கும் என்று அன்றைக்கு எல்லாரும் சொல்வார்கள். வெறும் கதை. படம் வரைய டூம் பயாஸைத் தொடுவதே இல்லை.) இவை எல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத வழிகள். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எஃப்5 தட்டியவன் என்று டீக்கடையில் எப்படிச் சொல்லிக்கொள்வது? ஆக நான் விரட்டியது என் கண்ணால் பார்க்கவே முடியாத வேகத்தை. ஓர் எண்ணை.

போர்டில் ஒரு ஜம்பர் இருந்தது. அதை மாற்றிக் குத்தினால் போர்டின் துடிப்பு 33இலிருந்து 40க்குப் போகும். பிராசஸர் அதன் இரட்டிப்பு, 66இலிருந்து 80. விஎல்பி கார்டுகள் இரண்டும் 40. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் இருந்த 30 நானோ நொடி 25ஆகச் சுருங்கும். 33க்கு மேல் போனால் கார்டுகளுக்கு ஒரு துடிப்பு கூடுதலாக அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்கென்று பக்கத்திலேயே தனி ஜம்பர். போர்டோடு வந்த புத்தகத்தில் அது தெளிவாகப் போட்டிருந்தது. படித்தேன். அதன்படி மாற்றி வைத்தும் பார்த்தேன். கூடிய வேகத்தில் பாதியை அந்த ஒரு துடிப்பு தின்றுவிட்டது. பழையபடி கூடுதல் அவகாசம் பூஜ்யம் என்றே குத்திவிட்டேன்.

டெமோ ஓடியது. எண் கிடைத்தது. டீக்கடைப் பையனைத் தாண்டிவிட்டேன்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை விடுகிறவர்களைப் பற்றி எங்கள் ஊரில் பேசாத நாள் இல்லை. கீழே யார் மேல் மோதும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. நான் செய்ததும் அதுதான். கீழே இருந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் வித்தியாசம்.

டிஸ்ப்ளே கார்டில் ஒரு பைட் தப்பாகப் போனால் ஒரு புள்ளி வேறு நிறத்தில் மின்னும். அடுத்த படத்தில் அது அழிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் கார்டில் ஒரு பைட் தப்பாகப் போனால் அது தட்டில் எழுதப்பட்டுவிடும். அந்தக் காலத்து ஐடிஇ டிஸ்க்குகளுக்குக் கேபிள் வழியாக வரும் தகவல் சரியா தவறா என்று பார்க்கும் வசதி கிடையாது. அந்தச் சரிபார்ப்பு அல்ட்ரா டிஎம்ஏ வந்த பிறகுதான் வந்தது. டிஸ்க் தனக்கு வந்ததை வந்தபடி, பிழையையும் பத்திரமாக, எழுதி வைத்துக்கொள்ளும். திரும்பக் கேட்டால் அதே பிழையைச் சுத்தமாகப் படித்துக் காட்டும். டாஸில் 'வெரிஃபை' என்று ஒரு கட்டளை உண்டு. அதுகூட எழுதியதைப் படிக்க முடிகிறதா என்றுதான் பார்க்கும். எழுதியது சரியா என்று பார்க்காது.

மறுநாள் காலை மூடியைத் திறந்து ஜம்பரைப் பழைய இடத்துக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. சோம்பல் ஒரு பக்கம். மெஷின் எல்லா வேலையிலும் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரிந்தது இன்னொரு பக்கம். 'என்ன தம்பி பண்ணின, சீக்கிரம் வருது?' என்று அக்காவே கேட்டார். சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. அதை விடக் கேவலமான சிரிப்பு நான் சிரித்ததில்லை.

இரவில் குளிர்ந்த அறையில் சரியாக ஓடிய மெஷின், மார்ச் மாதப் பகலில், ஷீட் கூரையின் கீழ், தடுமாற ஆரம்பித்தது. சூடு ஏறினால் சிப்புகள் தாமதிக்கும். 25 நானோ நொடியில் தாமதிக்க இடமே இல்லை. எனக்கு எச்சரிக்கையும் வந்தது. ஒரு மதியம் ஒருவன் கொண்டுவந்த ஸிப் கோப்பை டிஸ்க்கில் போட்டுப் பிரித்தேன். 'சிஆர்சி எர்ரர்' என்றது. உள்ளே இருக்கும் தகவல் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். 'உன் ஃப்ளாப்பி சரியில்ல' என்று அவனை அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அதே ஃப்ளாப்பியை மீண்டும் போட்டேன். சரியாகப் பிரிந்தது. ஃப்ளாப்பி கெட்டிருந்தால் சாயங்காலமும் கெட்டுத்தானே இருக்க வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்ததை அப்படியே விட்டேன். விடை தெரிந்தால் ஜம்பரை மாற்ற வேண்டியிருக்கும்.

இனி புளி.

மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் புளி சீசன். மண்டிக்காரர்கள் புளியை மூட்டையாகக் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் நீக்கி, கொட்டை எடுத்துக் கொடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பகல் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால்தான் சொல்லிக்கொள்ளும்படி எடை தேறும். ஒரு மண்டியின் கூலிக் கணக்கு எங்கள் சென்டருக்கு வந்துகொண்டிருந்தது. எடை போட்ட துண்டுச் சீட்டுகள் வரும். அக்கா அவற்றை மண்டிக்காரரின் ஃப்ளாப்பியிலேயே நேராக ஏற்றுவார். கணக்கு அவர்களுடையது, அவர்கள் ஃப்ளாப்பியில்தான் இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஒழுங்கு. சனிக்கிழமை அதை ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்து, பெயர் வாரியாகக் கூட்டி, பட்டியல் எடுத்துக் கொடுப்பார். ஏற்றி முடித்த சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

அந்தச் சனிக்கிழமை மதியம் காப்பி ஆனது. பட்டியல் அச்சானது. கூலி பட்டுவாடா ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டிக்காரர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓனர் அண்ணாவைப் பார்க்க வந்தார். பெண்கள் மண்டி வாசலில் நிற்கிறார்கள் என்றார். அவர்களில் ஒரு பாட்டி தன் வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாராம். கிலோவுக்கு ஒரு கோடு. சுவரில் 48 கோடுகள். பட்டியலில் 40. மண்டிக்காரர் பாட்டியிடம் 'கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா' என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் பலபேர் கத்தியதால் அவருக்கும் சந்தேகம்.

ஓனர் அண்ணா என்னைப் பார்த்தார். 'டைப்பிங் மிஸ்டேக்காடா?'

'இருக்கலாம்ணா.'

நான் சொன்னது அவ்வளவே. அந்த நேரத்தில் எனக்கு உறுதியாக எதுவும் தெரியாது, உண்மைதான். ஆனால் ஸிப் கோப்பு நினைவுக்கு வந்தது. வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. 'மெஷினையும் ஒருமுறை பார்த்துடறேன்ணா' என்று சொல்லியிருக்கலாம். அக்கா அங்கே இல்லை. அன்று அவருக்கு விடுமுறை. இல்லாதவர் மேல் சொல்வது சுலபமாக இருந்தது.

அன்று ராத்திரி அக்காவின் டிராயரிலிருந்து அந்த ஃப்ளாப்பியை எடுத்தேன். ஃப்ளாப்பியில் இருக்கும் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அதன் காப்பியையும் எஃப்சி கட்டளை போட்டு பைட் பைட்டாக ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் இல்லை என்று ஒரே வரி வரும். எனக்கு வரிசை வரிசையாக வந்தது. 38, 30. 38, 30. 39, 31. 38, 30.

ஃபாக்ஸ்ப்ரோ கோப்பில் எண்களும் எழுத்துகளைப் போலவே, இலக்கத்துக்கு ஒரு பைட்டாக இருக்கும். பதினாறின் அடிமானத்தில் 38 என்றால் எட்டு. 30 என்றால் பூஜ்யம். 39 ஒன்பது. 31 ஒன்று. எட்டின் மதிப்புள்ள ஒரே ஒரு பிட், கம்பியில் வரும் வழியில் சில இடங்களில் விழுந்துவிட்டிருந்தது. பூஜ்யம் முதல் ஏழு வரை உள்ள இலக்கங்களில் அந்த பிட் ஏற்கெனவே காலி. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. எட்டும் ஒன்பதும் மட்டும் அடிபடும். எட்டு பூஜ்யமாகும். ஒன்பது ஒன்றாகும். ஒரு பெண்ணுக்குக்கூட எடை கூடவில்லை. தப்பு நடந்த எல்லா இடத்திலும் குறைந்தே இருந்தது. சில பெயர்களில் எம் என்ற எழுத்து ஈ ஆகவும், கே என்ற எழுத்து சி ஆகவும் மாறியிருந்தன. பார்த்தால் கை தவறி அடித்ததைப் போலவே இருக்கும்.

அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நிமிடத்தில் நான் எழுந்து ஓனர் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். பெண்களுக்கு மீதிக் கூலி போயிருக்கும். அக்காவுக்கு எதுவும் ஆகியிருக்காது. எனக்கு வேலை போயிருக்கும். அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலை போவது பயமாக இருந்தது. அதைவிட ஒன்று பெரிதாக இருந்தது. 'ராத்திரி கேம் விளையாடி மெஷினைக் கெடுத்த டெக்னீஷியன்' என்று டீக்கடையில் பேசுவார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூடியைக் கழற்றினேன். ஜம்பரை 33க்கு மாற்றினேன். ஃப்ளாப்பியில் இருந்த சரியான கோப்பைத் திரும்ப டிஸ்க்குக்கு காப்பி செய்தேன். ஒப்பிட்டேன். வித்தியாசம் இல்லை. ஃப்ளாப்பியை இருந்த இடத்திலேயே வைத்தேன். திருத்திவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். உண்மையில் தடயத்தை அழித்திருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறியது. நேராக மெஷினில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். பாட்டியின் பெயருக்கு நேரே 48. ஓனர் அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினார். 'பாருங்கண்ணா, நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன்.' குரலில் நிம்மதி.

மண்டிக்காரர் பட்டியலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பட்டியலில் 40, திரையில் 48. அப்புறம் அக்காவைப் பார்த்தார். 'காலையில கதவைத் தொறந்ததும் மாத்திட்டியாம்மா? அந்தப் பொம்பளைங்க வந்து அழுதாளுங்களா?'

ஞாயிறு வரை அக்கா கவனக்குறைவானவர். திங்கட்கிழமை அவர் களவாணி ஆகிவிட்டார். ஆக்கியது என் திருத்தம். நான் கோப்பை அப்படியே விட்டிருந்தால்கூட, தப்பான எண்ணைப் பார்த்து, 'கை தவறியிருக்கும்' என்று முடித்திருப்பார்கள்; ஃப்ளாப்பியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தும் இருப்பார்கள். என் பயம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. பெண்களோடு சேர்ந்துகொண்டு எடையை ஏற்றிக் காட்டுகிறாள் என்று மண்டிக்காரர் முடிவுகட்டினார். ஆகையால் மீதிக் கூலியும் கிடையாது என்றார்.

நான் எங்கே இருந்தேன்? பிரிண்டர் பக்கத்தில். ரிப்பன் மாட்டுவதைப் போல் நின்றேன்.

இதையும் கேளுங்கள். டாஸில் ஒரு கோப்பை காப்பி செய்தால் மூலக் கோப்பின் தேதியும் நேரமும் அப்படியே காப்பிக்கும் வரும். நான் ஞாயிறு ராத்திரி காப்பி செய்த கோப்பிலும் சனிக்கிழமை நேரம்தான் இருந்தது. பட்டியல் அச்சாவதற்கு முந்தைய நேரம். 'டிர்' என்று மூன்று எழுத்து அடித்தால் போதும். திங்கட்கிழமை காலையில் யாரும் அந்தக் கோப்பைத் திருத்தவில்லை என்று திரையே சொல்லியிருக்கும். அழுகையில் அக்காவுக்கு அது தோன்றவில்லை. ஓனர் அண்ணாவுக்கு அவ்வளவு தெரியாது. எனக்குத் தோன்றியது. என்னைக் காட்டிக்கொடுக்காமலேயே அவரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அதையும் செய்யவில்லை. டிர் அடித்தால் அடுத்த கேள்வி வரும், பட்டியலில் மட்டும் எப்படித் தப்பு வந்தது என்று. அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

அக்கா அந்த வாரமே நின்றுவிட்டார். நிறுத்தினார்கள் என்பதே சரி. அதற்குப் பிறகு வேறு சென்டரிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சின்ன ஊர். 'கணக்கைத் திருத்தினவ' என்ற பேச்சு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். மண்டி வேலையும் சென்டரை விட்டுப் போயிற்று. அக்காவின் நாற்காலியில் சில மாதம் நானே உட்கார்ந்து டேட்டா என்ட்ரி செய்தேன். அவர் சம்பளத்தில் ஒரு பகுதி என் சம்பளத்தோடு சேர்ந்தது. வாங்கிக்கொண்டேன்.

இப்போது தர்மபுரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சமீப வருடங்களாகக் கல்லூரிப் பையன்கள் காயலான் கடையில் கிடைத்த பழைய மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டூம் ஓட வேண்டும், குவேக் ஓட வேண்டும் என்கிறார்கள். ஆசை ஆசையாக வருகிறார்கள். சொல்லிக்கொடுப்பேன். குவேக் 1996இல் வந்தது. அதற்கு நல்ல மிதவைப் புள்ளிக் கணக்கு வேண்டும், 486இல் திணறும், பென்டியத்தைத் தேடு என்பேன். பென்டியம் ப்ரோ, பென்டியம் 2 என்றால் ஃபாஸ்ட்விட் என்று ஒரு சின்ன நிரல் உண்டு; சிதறிச் சிதறிப் போகும் பைட்டுகளைப் பிராசஸரே கூட்டிச் சேர்த்து ஒரே வீச்சில் கார்டுக்கு அனுப்பும்படி செய்யும், டாஸ் விளையாட்டுகளுக்கு அதனால் பெரிய லாபம் என்பேன். மெஷினை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும், பயப்படாதே என்றும் சொல்வேன். 486 கொண்டுவருகிறவனிடம் மட்டும் ஒரு வீரக்கதை சொல்வது வழக்கம். நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் விஎல்பியை நாற்பதில் ஓட்டினோம், ஜீரோ வெயிட் ஸ்டேட்டில், அதாவது கூடுதல் அவகாசமே கொடுக்காமல். பையன்கள் வாயைப் பிளப்பார்கள். பல வருடமாக இந்தப் பாதிக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருவன் புத்திசாலி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு மாட்டிக் கொண்டுவந்திருந்தான். கதையைக் கேட்டுவிட்டு, 'அப்போ டிஸ்க் கன்ட்ரோலரும் அதே பஸ்தானே சார். டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகலையா?' என்றான்.

'ஒண்ணும் ஆகல' என்றேன்.

இவ்வளவு வருடம் கழித்து, பயப்பட எந்தக் காரணமும் இல்லாத நேரத்தில், மறுபடியும் அதே பொய். 1996இல் வயசு சின்னது, வேலை போய்விடும் என்ற பயம் என்று நான் எனக்குள் வைத்திருந்த சமாதானம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பொய்யாகிப் போனது. அது வயசின் குறை இல்லை, என் குறை.

விசாரித்து அக்காவைக் கண்டுபிடித்தேன். அரூர் பக்கம் இருக்கிறார். தையல் மெஷின் போட்டிருக்கிறார். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஜம்பர், கரிக்கோடு, 38, 30, டிர் வரைக்கும். இடையில் அவர் எதுவும் கேட்கவில்லை. முடித்ததும் சொன்னார்: 'ராத்திரி நீ கேம் ஆடறது எனக்குத் தெரியும் தம்பி. காலையில மானிட்டர் சூடா இருக்கும். ஓனர் அண்ணா கேட்டப்ப அதைச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உனக்கு வேல போயிடும்னு சொல்லல.'

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கத்தரித்த துணியை மடித்து வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்.

'அந்தப் பொம்பளைங்களுக்கு யாராச்சும் மீதிக் காசு குடுத்தாங்களா?'

இல்லை என்றேன். அன்று ராத்திரி திரையில் ஓடிய பெயர்களில் சில எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மண்டி இருந்த தெருவும் தெரியும். யார் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று அன்றைக்கே ஒரு தாளில் கூட்டிப் பார்த்திருந்தேன். என் அந்த மாதச் சம்பளத்தில் கொடுத்து முடித்திருக்கக்கூடிய தொகை. அந்தத் தாளை மறுநாள் கிழித்துப் போட்டேன். அவர்களில் ஒருவரைக்கூட நான் தேடிப் போகவில்லை. அக்காவைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் இதுவரை போகவில்லை.